பொறியியலும் புற்றுநோய் மருத்துவமும்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மிற் பலர் மனம் தளர்ந்துவிடுகிறோம். ஆயினும் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், அந்நோயின் பல வகைகளைக் குணப்படுத்த இயலும். தேவிகுளம், பீருமேடு மலைத்தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இதில் பெருந்தடையாக நிற்பது தூரமே. மார்பில் சிறு கட்டி தென்பட்டாலும், ஒருநாட் கூலியை இழந்து நகரத்து மருத்துவமனைக்குச் செல்ல நம் பெண்கள் தயங்குகின்றனர். வலி இல்லையே என்று நாட்கள் கழிகின்றன. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நோயாளி கருவியை நாடிச் செல்வதற்கு மாறாக, கருவியே நோயாளியை நாடி வரலாகாதா? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியொன்று பாலக்காட்டுக்கு அண்டையிலுள்ள திருச்சூரில் நடைபெற்றது. அங்கு ‘சி-மெட்’ என வழங்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில், விஞ்ஞானி டாக்டர் ஏ. சீமாவின் குழுவினர், தலசேரி மலபார் புற்றுநோய் மையத்துடன் கூடி, உள்ளாடை போல் அணியத்தக்க சோதனைக் கருவியொன்றை உருவாக்கினர். இப்பணிக்காக அவருக்கு 2018-ஆம் ஆண்டுக்குரிய நாரி சக்தி விருது வழங்கப்பெற்றது.

இதன் தத்துவம் எளியது. விரைந்து வளரும் கட்டிக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. அதனால் அதன் மேலுள்ள தோலில் வெப்பம் சற்றே கூடுகிறது. ஆடையிற் பொருத்திய நுண்கருவிகள் அவ்வேறுபாட்டை அளக்கின்றன. எக்ஸ்ரே கதிர் இல்லை, வலியும் இல்லை. ஆனால் இது சந்தேகத்தைச் சுட்டுமேயன்றி நோயை உறுதி செய்யாது. அதற்கு மேமோகிராம் படமும் திசுப் பரிசோதனையும் வேண்டும்.

சிகிச்சையிலும் நுண்பொருள் அறிவு துணை செய்கிறது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஏறத்தாழ நூறு நானோமீட்டர் அளவுள்ள கொழுப்பு உறைக்குள் டாக்சோரூபிசின் என்னும் மருந்தை அடைத்துச் செலுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. கட்டிகளின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் இடைவெளி மிகுதி. அவ்வழியே உறைகள் கசிந்து கட்டியில் தங்கக்கூடும். இதயத்துக்கு அம்மருந்தால் நேரும் தீங்கும் குறைகிறது.

மருத்துவர் தேவையை உரைக்க, பொறியாளர் வழி காண்கிறார். எனினும் இவ்வரிய முறைகள் யாவும் காலத்தே வந்தோர்க்கே முழுப்பயன் தரும். ஆகவே, புதிதாகக் கட்டியோ ஆறாத புண்ணோ காணின், கருவி வரட்டும் என்று காத்திராமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுகுவோமாக.