புது ரிம்மும் பழைய கிராண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வரும் பழைய சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நின்றால், செம்பனை லாரிகளுக்கு நடுவே நம் பிள்ளைகளின் காடிகள் வரிசையாகப் போகும். தரையை ஒட்டிய பம்பர், பின்னால் உயர்ந்த ஸ்பாய்லர், பதினேழு இஞ்ச் ரிம். பெரும்பாலும் பழைய புரோட்டோன் வீரா. அமெரிக்க மசில் கார் நமக்குக் கண்ணால் பார்க்கத்தான். 2016இல் இங்கே முறையாக விற்பனைக்கு வந்த ஃபோர்ட் மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வகைக்கு ஆண்டு ரோட் டாக்ஸ் மட்டும் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். 1.5 லிட்டர் வீராவுக்கு 90 வெள்ளி. 1993இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரின் அடித்தளத்தில் உருவானது. அதனால் லான்சர் இவோவின் முகத்தை அதற்குப் பொருத்துவது சுலபம் என்று போமன்களுக்குத் தெரியும். நம் பையன்களின் மசில் கார் அதுதான்.

இந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இவர்களின் தாத்தா பாட்டி ரப்பர் மரம் சீவியவர்கள். குடியிருந்த லயத்து வீடு கம்பெனியுடையது. தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது வீட்டையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அப்படி வந்தவர்களின் பேரன் பெயரில் பதிவாகும் முதல் சொத்து பல வீடுகளில் காடிதான். அதை அழகுபடுத்த நினைப்பதில் என்ன தவறு? ஆனால் அந்தச் சொத்து மூன்று தாள்களில் நிற்கிறது: பதிவுத் தாளான கிராண்ட், காப்புறுதிப் பத்திரம், கடை ரசீது. காடியில் செய்த மாற்றம் இந்தத் தாள்களில் ஏறாமல் இருப்பதுதான் பின்னால் வரும் பாதித் தொல்லைக்குக் காரணம்.

என் அக்காள் மகன் தன் வீராவுக்கு ஒரு கடையில் புது ரிம் மாற்றிக்கொண்டு வந்தான். "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டபோது அழகாகத்தான் இருந்தது. மறுவாரம் கோலகங்சாரிலிருந்து ஈப்போ வரும்போது, மெனோரா சுரங்கப்பாதை இறக்கத்தில் தொண்ணூறைத் தாண்டியதும் ஸ்டீரிங் கையில் நடுங்கியது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தோம். ரிம்மின் நடுத்துளை காடியின் ஹப்பைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடவே இல்லை. நட்டுகளின் அடிப்பகுதி ரிம்மின் குழியில் சரியாக உட்காரவில்லை. கையில் இருந்த ரசீதில் 'ரிம் ஒரு செட்' என்று எழுதி, கீழே தொகை போட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

வீராவின் ஹப் 56.1 மில்லிமீட்டர். எல்லாக் காடிக்கும் பொருந்த வேண்டும் என்று செய்யப்படும் கடை ரிம்கள் பலவற்றுக்கு நடுத்துளை 73.1. ரிங் இல்லாவிட்டால் சக்கரம் மையத்தில் நிற்காது, அதிர்ந்துகொண்டே இருக்கும், நட்டும் தளரும். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட அளவும் சேர்ந்ததைத்தான் பிசிடி என்பார்கள். வீராவுக்கு 4x100, மஸ்டாங்குக்கு 5x114.3. இந்த அளவு ஒத்துப்போனாலே ரிம் பொருந்திவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்பதைக் காட்டும் ஆஃப்செட் தவறினால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டும், அல்லது உள்ளே போய் சஸ்பென்ஷனில் உரசும். காலிக் காடியில் உரசாதது, தைப்பூசத்தன்று ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் போகும்போது உரசும். வாங்கும் முன் ஆட்களை உட்கார வைத்து, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள்.

டயரின் மொத்த உயரமும் முக்கியம். 185/60 R14 டயரின் உயரம் ஏறக்குறைய 578 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 195/50 R15 போட்டால் 576, பெரிய வித்தியாசம் இல்லை. 215/45 R17 போட்டால் 625. இது எட்டு விழுக்காடு அதிகம். மீட்டர் நூறு காட்டும்போது நீங்கள் நூற்றெட்டில் போகிறீர்கள். வேகக் கேமரா அனுப்பும் சாமனுக்கு மீட்டரைக் காரணம் காட்ட முடியாது. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண் அது தாங்கும் எடை: 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615 கிலோ. காடியோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானிய முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். போலி ரிம்களிலும் அதே முத்திரையை அச்சடித்து விற்கிறார்கள் என்பதால், முத்திரையோடு பிராண்டு, மாடல், அளவு எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காடிக்கு மெல்லிய டயர் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். முடி அளவு விரிசல் கண்ணுக்கே தெரியாது.

பாடிகிட்டில் எனக்குள்ள பெரிய பயம் ஒன்றுதான். கம்பெனி பம்பர் வெறும் தோல். மோதலைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம். ஃபைபர் பம்பர் உட்காரவில்லை என்றால் சில இடங்களில் அந்தச் சட்டத்தையே வெட்டிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'சட்டத்தை வெட்டக்கூடாது' என்று வேலை தொடங்கும் முன் சொல்லுங்கள். பம்பர் மாட்டும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு வாகன விதிகளும் எல்லா மாற்றத்தையும் தடை செய்யவில்லை. வெளியே நீட்டாத ரிம், கூர்மையில்லாமல் உறுதியாகப் பொருத்திய பாடிகிட் ஆகியவற்றால் பெரும்பாலும் சிக்கல் வராது. இஞ்சினை மாற்றுவது வேறு விஷயம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட் காடியிலிருந்து இஞ்சின் எடுத்துப் போட்டால் ஜேபிஜே அனுமதி, பரிசோதனை, கிராண்டில் புது எண் மூன்றும் வேண்டும். காடியின் நிறத்தை மாற்றினாலும் பதிவைத் திருத்த வேண்டும். கண்ணாடிக்கு 2019 முதல் முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் இருக்கைகளின் இரு பக்கச் சன்னல்களில் 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள கண்ணாடிகளுக்கு அந்த வரம்பு இல்லை. அலங்கார எண் பட்டை குற்றம்.

கடன் முடியாத காடி என்றால் இன்னொன்றும் உண்டு. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி உரிமையாளர் வங்கி. பெரிய மாற்றத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

காப்புறுதியைப் பற்றி இரண்டு தவறான பேச்சு நம்மிடையே ஓடுகிறது. 'ரிம் மாற்றினால் ஒரு காசு கிடைக்காது' என்பது ஒன்று. 'யாருக்குத் தெரியப்போகிறது' என்பது மற்றொன்று. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, பயனீட்டாளர் தவறான தகவல் தராமல் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று அவர்கள் கேட்டு, நீங்கள் தெரிந்தே இல்லை என்று எழுதினால் பத்திரத்தையே ரத்து செய்யலாம். கவனக்குறைவாக எழுதியிருந்தால், உண்மை தெரிந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்களோ அதையொட்டித்தான் கோரிக்கையைத் தீர்க்கலாம். ஆகவே, 'மோடிஃபை காடி' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிக் கோரிக்கையை நிராகரித்தால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தவறு என்று எழுத்தில் கேளுங்கள். சாலையில் அடிபட்ட மூன்றாம் ஆளின் உயிருக்கும் உடலுக்குமான இழப்பீட்டுத் தீர்ப்பைக் கம்பெனி கட்ட நேர்ந்தால், பத்திர நிபந்தனையை மீறியவரிடமிருந்து அந்தப் பணத்தைத் திரும்ப வசூலிக்கவும் அது முயலலாம். ரிம்மும் பாடிகிட்டும் திருடுபோனால் பணம் வேண்டும் என்றால், பொருத்திய பாகங்களுக்கான 97ஆம் எண் கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு, ரசீதின் நகலைக் கொடுங்கள்.

கம்பெனியின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் தேதி செயல்படத் தொடங்கிய அந்த அமைப்புக்குப் பயனீட்டாளர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

கடையோடு தகராறு என்றால்? நம் ஆட்கள் இங்கேதான் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறார்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தாலும், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அது பறிக்காது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், வேலையை நியாயமான திறமையோடு செய்திருக்க வேண்டும். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பும் எழுத்துதான். அதற்கும் சரிப்படாவிட்டால் ஈப்போவிலேயே பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் முதல் எண் பாரத்தை நிரப்பி ஐந்து வெள்ளி கட்டிப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடை அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். போலி ரிம்மை அசல் என்று விற்றிருந்தால் 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம் இருக்கிறது, உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். ரிம் உடைந்து காயம் பட்டால் அந்த இழப்பீடு தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வராது, நீதிமன்றம்தான் போக வேண்டும். வியாபாரி அல்லாத தனி ஆளிடம் ஃபேஸ்புக் வழியாக வாங்கியதற்கும் தீர்ப்பாயம் உதவாது.

என் அக்காள் மகன் ரசீதைத் திருத்தி எழுதச் சொல்லிக் கடைக்குப் போனான், நானும் கூடப் போனேன். முதலில் தயங்கினார்கள். தீர்ப்பாயத்தின் பெயரைச் சொன்ன பிறகு அளவையும் மாடலையும் எழுதிக் கொடுத்தார்கள், ஹப் ரிங்கும் சரியான நட்டும் போட்டார்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி முறுக்கினோம். கழற்றிய பழைய ரிம் நான்கும், அவற்றுக்கு உரிய நட்டுகளும், கம்பெனி பம்பரும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் துணி மூடி இருக்கின்றன. காடியை விற்கும் நாளில் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தின் பி5 பரிசோதனைக்கு அவை வேண்டியிருக்கலாம்.