சக்கரம் இழுக்காத ரயில்



நம் திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். திருச்சி பெல் நிறுவனம் செய்து தந்த இரும்புச் சக்கரங்கள் அதைத் தாங்குகின்றன. சரி, தேரை நகர்த்துவது எது? சக்கரமா?

"இல்லை, வடம்!" என்கிறீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்! சக்கரம் பாரத்தைத் தாங்கி உருளுகிறது, அவ்வளவுதான். இழுக்கும் விசை வடத்தில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திருவாரூர் ஜங்ஷனுக்குப் போவோம். ரயில் இன்ஜினில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு பின்னால் தள்ளுகிறது. அதனால் ரயில் முன்னே போகிறது. இந்தப் பிடிப்புக்கு உராய்வு என்று பெயர். மழையில் தண்டவாளம் நனைந்தால் பிடிப்பு குறையும். சக்கரம் வழுக்கிக்கொண்டு வெறுமனே சுற்றும். அதற்காகவே இன்ஜினில் மணல் பெட்டி வைத்திருப்பார்கள். சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணல் தூவினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை இன்ஜின் பக்கத்தில் நின்றால், சக்கரத்தின் அருகே வளைந்து இறங்கும் மணல் குழாயைத் தேடிப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நின்றபடிதான், சரியா?

சக்கரத்தைச் சுழற்றாமலே ரயிலை ஓட்ட முடியுமா? முடியும்! அதைப் பார்க்க மலேசியா போகவேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு காலத்தில் அந்நாட்டின் பினாங்குக்குக் கப்பல் போனதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள்.

கோலாலம்பூரில் கிளானா ஜெயா என்று ஓர் எல்.ஆர்.டி. பாதை இருக்கிறது. எல்.ஆர்.டி. என்றால் நகரத்துக்குள் ஓடும் இலகு ரயில். 1998இல் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு நிலையத்தின் பெயர் 'யுனிவர்சிட்டி'. மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே இறங்கி, பஸ் பிடித்து வளாகத்துக்குப் போகிறார்கள்.   

அந்த ரயிலில் ஓட்டுநர் கிடையாது! கணினி ஓட்டுகிறது. ஓட்டுநர் அறை இல்லாததால், முன் கண்ணாடி அருகே நின்று பாதை முழுவதையும் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பட்டையாக ஒரு தகடு நீண்டுகொண்டே போவது தெரியும். அதன் மேற்பரப்பு அலுமினியம். நம் கதாநாயகன் அந்தத் தகடுதான்.

"அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதே!" என்கிறீர்களா? சபாஷ், நல்ல கேள்வி! ஒட்டாது. ஆனால் அலுமினியத்துக்குப் பக்கத்தில் காந்தம் நகர்ந்தால், அலுமினியத்துக்குள் மின்சாரம் பிறக்கும். இப்படி மின்சாரம் பிறப்பதை விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். மின்சாரம் ஓடினால் அலுமினியமும் சிறிது நேரம் காந்தம்போல நடந்துகொள்ளும்.

புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். அவசரமே இல்லை.

ரயிலின் அடியில் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. சுருளுக்கும் தகட்டுக்கும் இடையே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டும் தொடுவதே இல்லை. சுருள்களில் மின்சாரம் பாயும்போது அவை காந்தமாகின்றன; அந்தக் காந்தப்புலம் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. அது தகட்டையும் பின்னால் இழுக்கப் பார்க்கும். தகடோ தரையோடு பொருத்தப்பட்டது, நகராது. ஆகவே ரயில் முன்னால் போகிறது! தேருக்கு வடம் போல இந்த ரயிலுக்குக் காந்தவிசை. சக்கரத்தின் வேலை தாங்குவதும் உருளுவதும்தான்.

உங்கள் வீட்டுச் சாதாரண மின்விசிறிக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே காந்தப்புலம் வட்டமாகச் சுற்றுகிறது. இங்கே நேர்கோட்டில் ஓடுகிறது. அதனால்தான் இதை நேர்கோட்டு மோட்டார் என்கிறோம்.

இதில் என்ன லாபம்? உராய்வை நம்பவேண்டாம். கோலாலம்பூரில் அடிக்கடி கொட்டும் மழையிலும் ரயில் வழுக்காமல் மேடு ஏறும். காந்தப்புலத்தைத் திருப்பிவிட்டால் வேகமும் குறையும். ஆனால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். சுருளுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியால் கொஞ்சம் ஆற்றல் வீணாகிறது. அதனால் எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. நம் ஊர் நீண்ட தூர ரயிலுக்குப் பழைய முறையே நல்லது என்பேன்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு, வலுவான சிறு காந்தம் ஒன்றும் தடித்த அலுமினியக் குழாய் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, காந்தத்தை மேலிருந்து உள்ளே விடுங்கள். அது எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு பிளாஸ்டிக் குழாயிலும் விடுங்கள். இரண்டிலும் ஏன் வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.