குழந்தையின் விளையாட்டும் சங்கத்தின் கடமையும்

கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் பங்குத்தொகை, கடன், உற்பத்தி, விற்பனை, இருப்பு ஆகிய கணக்குகள் தவறாமல் இடம்பெறுகின்றன. அங்கத்தினர் வீட்டுக் குழந்தைகளைப் பற்றிய குறிப்பை அவற்றில் காண்பது அரிது. அது சங்கத்தின் வேலையன்று என்று கருதுவாரும் உளர். ஆயினும், தறியிலும் வயலிலும் தோல் தொழிலிலும் பாடுபடும் பெண்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்க இயலும் என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்வது தொட்டிலில் கிடக்கும் குழந்தையே. ஆகவே, இளங்குழந்தையின் வளர்ச்சியில் விளையாட்டிற்கும் மனவுணர்ச்சிக்கும் உள்ள இடம் யாது, அதற்குச் சங்கம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

வேலூர் மாவட்டம் 2019ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. எனினும் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தொழிலால் இன்றும் ஒரே வட்டாரமாகவே இருக்கின்றன. காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் காலையில் சென்று மாலையில் திரும்புகின்றனர். ஆம்பூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலோ, காலணியின் மேற்பாகமாகிய ‘அப்பரை’ வீட்டுத் திண்ணையிலேயே கையால் தைத்துக் கொடுப்போர் பலர். குடியாத்தத்தில் தறிக்குத் தார் சுற்றும் பெண்களுக்கும் வீடே வேலைக்களம். இவர்களுக்குக் கூலி உருப்படிக் கணக்கில் கிடைக்கிறது. குழந்தையோடு செலவிடும் ஒவ்வொரு நாழிகையும் கூலியில் குறைகிறது. இந்த இக்கட்டை மறந்துவிட்டு, “தாய்மார்கள் குழந்தைகளுடன் விளையாட வேண்டும்” என்று உபதேசம் செய்வதில் பயனில்லை.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆறு வயதிற்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்காகக் காப்பகம் அமைக்க வேண்டும் என விதித்தது. 1976இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. ஆனால் இத்தகைய விதி தொழிற்சாலையின் வாயிலோடு நின்றுவிட்டது. திண்ணையில் தைக்கும் பெண்ணை அது எட்டவில்லை. எட்டாத அந்த இடமே கூட்டுறவு புகவேண்டிய இடமாகும்.

முதலில் விளையாட்டு என்பது யாது எனக் காண்போம். வேலையற்ற பொழுதின் வீண்செயல் அது என்று எண்ணுவது தவறு. நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. பிள்ளைத்தமிழில் பிள்ளைப் பருவத்தை வகுத்தவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் என விளையாட்டின் பெயராலேயே பருவங்களுக்குப் பெயரிட்டனர். மண்ணை நனைத்துப் பிசையும் குழந்தை ஈரத்தையும் எடையையும் வடிவத்தையும் அறிகிறது. பின்னாளில் எழுதுகோல் பிடிக்கப்போகும் விரல்களும் வலுப்பெறுகின்றன. சொப்பு வைத்துச் சோறாக்கும் குழந்தை சொற்களைத் தேடுகிறது. முறை வைத்து ஆடவும், விட்டுக்கொடுக்கவும், காத்திருக்கவும் பழகுகிறது. மூன்று வயதில் சிலேட்டைத் திணித்து எழுத்தை வற்புறுத்துவோர், அடித்தளம் உலரும் முன்பே சுவர் எழுப்புகின்றனர்.

விளையாட்டினால் விளையும் மற்றொரு நன்மை கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தை, மறுநாள் மரப்பாச்சிப் பொம்மைக்குக் குச்சியால் ஊசி போடுகிறது. நேற்றைய அச்சத்தை இன்று தன் கையில் எடுத்து, அதனை வென்று பார்க்கிறது. தம்பி பிறந்தபின் பொம்மையை அடிக்கும் பெண்குழந்தை, சொல்லத் தெரியாத பொறாமையை அவ்வாறு வெளியிடுகிறது. அதனைக் கண்டு வைவதைவிட, “உனக்குக் கோபமாக இருக்கிறது, உன்னையும் மடியில் வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்வது நலம். தன் உணர்ச்சிக்கு ஒரு பெயர் உண்டு, அதனைப் பிறர் புரிந்துகொள்கின்றனர் என்று அறியும் குழந்தை, நாளடைவில் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளக் கற்கிறது.

நம் வீடுகளில் வழங்கும் சில பழக்கங்கள் இதற்கு மாறானவை. பூச்சாண்டி வருவான், போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார் என்று அச்சுறுத்துவது ஒன்று. வேலைக்குப் புறப்படும் தாய், குழந்தை அழுமே என்று கண்ணில் படாமல் நழுவிச் செல்வது மற்றொன்று. அன்று அழுகை குறையலாம். ஆனால் தாய் எந்நேரமும் மறைந்துவிடக்கூடும் என்ற ஐயம் குழந்தையின் மனத்தில் தங்கிவிடுகிறது. “பொழுது சாயும்போது வருவேன்” என்று சொல்லிச் செல்வதும், சொன்னபடி வருவதுமே சரியான முறை. கைப்பேசியைக் கொடுத்து அழுகையை அமர்த்துவது இக்காலப் பழக்கம். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

உழைக்கும் மக்களின் குடியிருப்பிலிருந்தே குழந்தைக் கல்வியின் புகழ்பெற்ற முறைகள் தோன்றின என்பதை அங்கத்தினர்கள் அறிவது நன்று. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரில் தொழிலாளர் வாழ்ந்த சான் லோரென்சோ பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த குழந்தைகளுக்காகவே மரியா மாண்டிசோரி அம்மையார் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். அவர் 1939இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார் 1945 முதல் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில் பணியாற்றினார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வாராமை கண்டு, பள்ளியையே அவர்களுடைய வீட்டு முற்றத்திற்குக் கொண்டு சென்றார். முற்றம் எனப் பொருள்படும் ‘அங்கன்’ என்ற சொல்லிலிருந்தே ‘அங்கன்வாடி’ என்னும் பெயர் பிறந்தது.

இவற்றால் விளையும் பயனை அளந்து காட்ட இயலுமா என்று கணக்கறிந்த அங்கத்தினர் கேட்கலாம். ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், சுகாதாரப் பணியாளர் சென்று, குழந்தையோடு விளையாடும் முறையைத் தாய்க்குக் கற்பித்தார். விளையாட்டுப் பொருள்கள் வீட்டில் கழிக்கப்பட்டவற்றைக் கொண்டே செய்யப்பட்டன. இரண்டாண்டுகள் மட்டுமே இது நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அக்குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தனர். பதினேழு, பதினெட்டு வயதில் அவர்களிடம் மனச்சோர்வும் கவலையும் குறைந்திருந்தன. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவினரிடம் இத்தகைய நீடித்த பலன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. உணவு மட்டும் போதாது என்பதே பொருள்.

நம் மாநிலத்திலேயே 320 அங்கன்வாடி மையங்களில் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. சில மையங்களுக்கு, குழந்தைக் கல்விக்கென அரைநாள் வேலை செய்யும் கூடுதல் பணியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். பதினெட்டு மாதங்களில் அம்மையக் குழந்தைகளின் மொழியறிவும் கணக்கறிவும் உயர்ந்தன; வளர்ச்சிக் குறைவும் தணிந்தது. கட்டடமோ கருவியோ அன்றி, குழந்தையைக் கவனிக்க ஓர் ஆள் மிகுந்ததே அங்கு நிகழ்ந்த மாறுதல்.

இனி, சங்கம் செய்யத்தக்கவை. அங்கன்வாடி பகற்பொழுதின் ஒரு பகுதிக்கே உதவுகிறது. வேலையோ பொழுது சாயும்வரை நீள்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப, பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு விளையாட்டுக் கூடத்தைச் சங்கம் நடத்தலாம். சங்கக் கட்டடத்தின் ஒரு தாழ்வாரமும், நிழலுள்ள ஒரு முற்றமும் போதும். பொறுமையும் அன்பும் வாய்ந்த பெண் அங்கத்தினர் ஒருவரை, முறையான ஊதியத்தில், நிலையாக அமர்த்துதல் வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தையின் மனம் ஒட்டாது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் கொடுமையும் இதனால் தவிரும். உபவிதிகள் இடந்தரும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து இதற்கு ஒதுக்கீடு செய்யலாம்.

விளையாட்டுப் பொருள்களுக்குப் பெருஞ்செலவில்லை. களிமண், மணல், நீர், பனையோலைக் காற்றாடி, நடைவண்டி, துணிப் பந்து, வழவழப்பான மரக்கட்டைகள் ஆகியவையே சிறந்தவை. வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பொருள்களை மூன்று வயதிற்குட்பட்டோரிடம் தரலாகாது. நம் வட்டாரத்தில் எங்கும் கிடைக்கும் தோல் துண்டுகளைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தல் கூடாது. குரோமியமும் சாயமும் ஏற்றிய தோலைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பும். தைக்கும் ஊசி, பசை டப்பா, குழித்தறியின் பள்ளம் ஆகியவற்றிலிருந்தும் குழந்தையை விலக்கி வைக்க ஒரு தனியிடம் இருப்பதே பெரும் பாதுகாப்பு.

தந்தையர்க்கும் இதில் பங்குண்டு. இரவு உணவிற்குப் பின் அரை மணி நேரம் குழந்தையை முதுகில் ஏற்றி ஆடுவதற்கும், கதை சொல்வதற்கும் முதலீடு வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் நிர்வாகக் குழுவைக் கோரலாம். எத்தனை வீடுகளில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் உள்ளனர், அவர்களுடைய தாய்மார் எந்நேரம் வேலை செய்கின்றனர் என்ற இரண்டு விவரங்களை முதலில் திரட்டுக. அந்தப் பட்டியல் கையில் இருந்தால், கூடம் எங்கே, எந்நேரம், எவ்வளவு செலவில் என்பவை ஒரே கூட்டத்தில் தீர்மானமாகிவிடும்.