விருப்பக் குறியும் வெறுங்கையும்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் இரவு என் ராத்தாவின் உள்ளங்கையில் மருதோன்றி போட்டுவிட்டேன். மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனிவரை ஓடும் ஒரு கொடி. எந்தப் படத்தையும் பார்க்காமல் நானாகவே அமைத்த வடிவம் அது. முடிக்க இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. உடனே படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் போட்டேன். காலையில் பார்த்தால் 11 லைக். அதே இரவில் என் தோழி போட்ட படத்துக்கு 200ஐத் தாண்டியிருந்தது. நான் என் படத்தை அழித்துவிட்டேன்.

"ஏன் மகள் அத எடுத்துட்டீங்க? நல்லாத்தானே இருந்திச்சு" என்று உம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ராத்தாவின் கையில் இருந்த கொடி இரவு இருந்ததைவிட நன்றாகச் சிவந்திருந்தது. அதில் ஒரு கோடுகூட மாறவில்லை. அதன் பக்கத்தில் ஓர் எண் வந்திருந்தது, அவ்வளவுதான். அந்த எண்ணுக்காக நான் பல வாரங்கள் பென்சிலையே தொடவில்லை.

இதை எங்கள் சித்திரப் பாட ஆசிரியையிடம் சொன்னேன். சமூக ஊடகங்களைப் பற்றிப் பேசும் கலைப் படைப்புகள் சிலவற்றைத் தேடிப் பார்க்கும்படி அவர் கூறினார். கைபேசி கெட்டது என்று உபதேசம் செய்யும் படங்கள்தாம் கிடைக்கும் என எண்ணினேன். ஆனால் நான் கண்ட நல்ல படைப்புகள் உபதேசம் செய்யவில்லை. நமக்குப் பழகிப்போன காட்சியிலிருந்து ஒரேயொரு பொருளை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பார்க்கச் சொல்கின்றன.

முதலில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எரிக் பிக்கர்ஸ்கில்லின் படங்களைச் சொல்ல வேண்டும். நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரில் ஓர் உணவகத்தில் அவர் ஒரு குடும்பத்தைக் கண்டார். தந்தையும் இரண்டு பெண் பிள்ளைகளும் கைபேசியில் மூழ்கியிருந்தார்கள். தாய் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுதான் 'ரிமூவ்ட்', அதாவது 'அகற்றப்பட்டது' என்ற படத்தொடர். கைபேசி பார்த்துக்கொண்டிருப்பவர்களை அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லி, கையில் உள்ளதை மட்டும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். 2015ஆம் ஆண்டளவில் இப்படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. ஒரு படத்தில் அவரும் அவரது மனைவியும் கட்டிலில் முதுகுக்கு முதுகு காட்டிப் படுத்தபடி, ஆளுக்கொரு வெறுங்கையை உற்றுப் பார்க்கிறார்கள். தன்னையும் விட்டுவைக்காமல் சொன்ன விமர்சனம் என்பதால் அது நெஞ்சில் நின்றுவிடுகிறது.

அடுத்தவர் பென் குரோசர், இவரும் அமெரிக்கர். பேஸ்புக் 2004இல் தொடங்கப்பட்டது. அதன் லைக் பொத்தான் 2009இல் வந்தது. அன்று முதல் ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் ஓர் எண் குந்திக்கொண்டது. குரோசர் 2012இல் 'பேஸ்புக் டிமெட்ரிகேட்டர்' என்ற சிறிய மென்பொருளை எழுதினார். கணினியில் அதை நிறுவினால் பேஸ்புக் பக்கத்திலுள்ள எண்கள் மறைந்துவிடும். 'உங்களுக்கும் வேறு 4 பேருக்கும் பிடித்திருக்கிறது' என்பது 'உங்களுக்கும் வேறு சிலருக்கும் பிடித்திருக்கிறது' என்று மாறும். எத்தனை பேர் என்பது போய், யாருக்கு என்பது மட்டும் மிஞ்சும். இதை வாசித்தபோது என் 11 லைக்கும் நினைவுக்கு வந்தன. அந்தப் பதினொரு பேர் யார் யார் என்று நான் பார்க்கவேயில்லை!

பிற்காலத்தில் இன்ஸ்டகிராம் நிறுவனமே 2019இல் கனடாவில் தொடங்கி, வேறு சில நாடுகளிலும் லைக் எண்ணிக்கையை மறைத்துப் பரீட்சித்துப் பார்த்தது. 2021இல், விரும்பியவர்கள் அந்த எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியை எல்லோருக்கும் வழங்கியது. ஒரு கலைஞர் எழுப்பிய கேள்வி வெறும் கற்பனையல்ல என்பதற்கு இது சான்று.

மூன்றாமவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எரிக் கெஸல்ஸ். இவர் அகற்றியது திரையை. பிளிக்கர் இணையத்தளத்தில் 24 மணித்தியாலத்தில் ஏற்றப்பட்ட படங்களை எடுத்துக் கடதாசியில் அச்சிட்டார். 2011இல் அம்ஸ்டர்டாம் நகரின் 'ஃபோம்' புகைப்பட அரும்பொருளகத்தில் அவற்றை மலைபோலக் கொட்டிவைத்தார். பார்க்க வந்தவர்கள் அந்தக் குவியலுக்கிடையேதான் நடந்தார்கள். ஒவ்வொரு படமும் யாரோ ஒருவரின் பிறந்தநாள், பிள்ளை, பயணம். திரையில் விரலால் தள்ளும்போது எடையில்லாதவை, கொட்டிவைத்தபோது சுவரளவு உயர்ந்துவிட்டன.

இந்த மூவரையும் பார்த்த பின் இன்னொன்றும் விளங்கியது. பொருள்களை அகற்றுவது கலைஞர்கள் மட்டுமல்ல. செயலிகளை வடிவமைப்போரும் அகற்றுகிறார்கள், ஆனால் நாம் கவனிக்காதபடி. ஒரு காலத்தில் இணையப் பக்கத்துக்கு ஓர் அடி இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துமுன் 'போதுமா?' என்று மனம் ஒரு கணம் கேட்கும். 2006இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் கீழே நீளும் பக்கத்தை உருவாக்கினார். அதனால் அந்தக் கணம் இல்லாமற்போயிற்று. மக்கள் நேரத்தை அது விழுங்குவதைக் கண்டு, பின்னாளில் அவரே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வடிவமைப்பு என்பது அழகுபடுத்தல் மட்டுமல்ல, நம் பழக்கத்தையும் அது வரைகிறது. கலை அந்தக் கோடுகளை நம் கண்ணுக்குக் காட்டித் தருகிறது.

இதை வீட்டிலும் பரீட்சித்துப் பார்த்தேன். ஒருநாள் இராச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் முன்கூடத்தில் இருந்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு பென்சிலை எடுத்து எங்கள் குடும்பத்தை வரைந்தேன். வரைந்து முடித்து வாப்பாவிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நான் என்னத்தப் பாத்துட்டு இரிக்கிறன் மகள்?"

"போன் வாப்பா. அத மட்டும் நான் வரையல்ல."

வாப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, படத்தில் வெறுங்கையோடு குனிந்திருந்த தம்பியின் தலையை விரலால் தொட்டார். அன்றிரவு யாரும் யாரையும் ஏசவில்லை. கைபேசிகள் மட்டும் கொஞ்ச நேரம் மேசையில் கிடந்தன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் கையிலிருந்து கைபேசியைப் பறிப்பதற்கு முன், அதில் எந்த எண்ணைப் பார்த்து நாங்கள் வாடுகிறோம் என்று கேளுங்கள். தோழிகளுக்கும் ஒன்று. கைபேசியை நான் வெறுக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மீண்டும் ராத்தாவின் கையில் அதே கொடியை வரைந்து, அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் என் உம்மம்மாவுக்கு மட்டும் அனுப்பினேன். லைக் வரவில்லை. குரல்தான் வந்தது: "அந்த நடுவிரல் கொழுந்து நல்லாரிக்கி மகள். அத எப்பிடிப் போட்ட?"

என் கொடியின் கொழுந்தை ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார். எனக்கு அது போதுமாயிருந்தது.