சுடுதலும் கடிதலும்

ஆங்கிலப் பத்திரிகைகளிற் பெருவழக்காயுள்ள 'ஸ்கேதிங்லி' என்னும் வினையடையை நம் மாணவர் பலர் 'கடுமையாக' என்று பெயர்த்து அமைந்துவிடுகின்றனர். பெயர்ப்பு பிழையன்று, ஆயினும் சொல்லின் உயிர் அதில் இல்லை.

இதன் அடி 'ஸ்கேத்'. ஊறு செய்தல் என்பது பொருள். பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்றது. ஜெர்மானியரின் 'ஷாடன்' என்னுஞ் சொல்லும் இதற்கு உறவே. ஊறின்றித் தப்பினான் எனுங்கால் வரும் 'அன்ஸ்கேத்ட்' இன்றும் நாள்வழக்கில் உண்டு. உடன்பாட்டு வினையோ அருகிவிட்டது. 1667 இல் வெளிவந்த 'இழந்த சுவர்க்கம்' என்னுங் காவியத்தில் மில்டன் மின்னல் தாக்கிய மரங்களுக்கு இவ்வினையை ஆண்டார். அதன்பின் எரித்தற்பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. இன்று வாள்கொண்டு வெட்டியவனுக்கு இவ்வடை புணர்வதில்லை. பேசினான், எழுதினான், விமரிசித்தான் என்பனபோலும் வினைகளே இதற்கு உரியன. இகழ்ச்சி கலவாத கண்டிப்புக்கும் இது பொருந்தாது. மாணவனைத் திருத்தக் கடியும் ஆசிரியருக்கு இச்சொல்லைச் சூட்டுதல் அநியாயம்!

ஒன்று கருதத்தக்கது. இச்சொல் விமரிசனத்தின் வெம்மையைக் காட்டுமேயன்றி, அதன் நேர்மைக்குச் சான்றாகாது. 1818 இல் கீற்ஸின் 'எண்டிமியன்' என்னுங் காவியத்தைக் 'குவாட்டர்லி றிவியூ' சுட்டெரித்தது. பெயர் குறியாது எழுதியவர் ஜோன் வில்சன் குறோக்கர். நான்கு காண்டங்களுள் முதலாவதற்கு அப்பாற் செல்லத் தம்மால் இயலவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். படியாமலே சுடுதல் எளிது போலும்! 1821 இல் கீற்ஸ் காசநோயால் இறந்தார். விமரிசனமே கொன்றது என்ற கதையை ஷெல்லி முதலியோர் பரப்பினர். 1830 இல் 'எடின்பரோ றிவியூ'வில் மெக்காலே, றொபேட் மொன்ற்கொமறியின் கவிதைகளைச் சுட்டதும் இவ்வகையே. ஆயின் அவர் நூலைப் படித்து, இரவல் அடிகளையும் பொருந்தா உவமைகளையும் எடுத்துக்காட்டி, விளம்பரப் புகழுரைகளையும் கண்டித்தார். இரண்டுக்கும் அடைமொழி ஒன்றே, தரம் வேறு.

தமிழில் எதனைக் கொள்வது? 'சுடச்சுட' என்பது உடனுக்குடன் என்ற பொருளிற் சென்றுவிட்டது. 'காரசாரமாக' என்பது இருவர் வாதுக்கே இயையும். 'வன்மையாகக் கண்டித்தார்' என்பதோ தீர்மானங்களின் நடை. நாவினால் நேர்ந்த புண்ணை வள்ளுவர் தீப்புண்ணோடு வைத்து நோக்கிய மரபு நமக்குண்டு. ஆதலின் 'சுடுசொல்லாற் சாடினார்' என்று எழுதலாம். ஊறும் எரிவும் இகழ்வும் ஒருங்கே அதில் அடங்கும்.