வைக்கோல் போரடியில் நாய்க்குட்டி: வெளியே போகப் பழக்கும் முறை

காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு ஆகிய ஐந்து ஆறுகளின் பாசனம் பெற்ற திருவையாறு வட்டாரத்தில், வீட்டுக் காவலுக்கு என்றால் நாட்டு நாய்தான். தெருவிலும் களத்திலும் வளரும் அந்த நாய் தன் காரியத்தைத் தானே வெளியில் முடித்துக்கொள்ளும். அதை யாரும் பழக்கியதில்லை. இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு சடைநாய்க் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப் போய்விடுகிறார்கள். பொமரேனியன் என்று சொல்லி விற்கப்படும் இக்குட்டிகளில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் இனம்தான். வளர்ந்தாலும் பெரும்பாலும் சிறு உருவம்தான். வீட்டுக்குள்ளேயே வளர்வதால் வீட்டுக்குள்ளேயே அசிங்கமும் செய்துவிடுகிறது.

இது வெறும் நாற்றப் பிரச்சினை என்று விவசாயிகள் விட்டுவிடலாகாது. நாய்க்குட்டி பெரும்பாலும் வயிற்றுப் புழுக்களுடனேயே வளர்கிறது. உருண்டைப் புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குத் தொற்றிவிடும்; கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாக வரும். மலத்துடன் வெளியேறும் கொக்கிப் புழுவின் முட்டைகள் ஈர மண்ணில் பொரித்து, ஒரு வாரத்துக்குள் இளம் புழுக்களாகி, வெறுங்காலில் நடப்பவர்களின் தோலைத் துளைக்கும். கொல்லையில் விளையாடும் குழந்தைகளுக்கு இதனால் தோலில் வளைந்து வளைந்து ஊரும் தடிப்பும் தாங்க முடியாத அரிப்பும் உண்டாகும்.

கறவை மாட்டுக்கும் ஆபத்து இருக்கிறது. நியோஸ்போரா என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி நாயின் குடலில் பெருகி மலத்தில் வெளியேறும். அது வைக்கோலிலோ தண்ணீரிலோ கலந்து சினை மாட்டின் வயிற்றுக்குள் போனால் கரு கலையக்கூடும். இந்த ஒட்டுண்ணிக்கு 1988-ல்தான் பெயரே வைக்கப்பட்டது. நாயின் மலம் வழியாக இது பரவுகிறது என்பது 1998-ல் உறுதியாயிற்று. நாய்க்கு இது வரும் வழிகளில் முக்கியமானது, மாடு போட்ட இளங்கொடியைத் தின்பது. இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் நம் கிராமத்து வழக்கம் அதை நாய்க்கு எட்டாமல் வைக்கிறது. அந்த வழக்கம் இல்லாதவர்கள் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

ஆகவே குட்டியைப் பழக்கும் முன் அதற்கான இடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டில், கிணற்றடி, கீரைப் பாத்தி, வாய்க்கால் கரை ஆகிய ஐந்தும் கூடாது. கொல்லையின் கோடியில், தண்ணீர் தேங்காத ஒரு மூலையில் ஆறடிக்கு ஆறடி இடம் போதும். தெருநாய்கள் வராத இடமாகவும் இருக்க வேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் விட்டால், 1978-ல் உலகுக்குத் தெரியவந்த பார்வோ வைரஸ் கழிச்சல் இரண்டொரு நாளில் குட்டியைக் கொன்றுவிடக்கூடும்.

பழைய தஞ்சாவூர்ப் பாணி வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதுதான் முற்றம். "ஏம்மா, இப்பத்தானே கொல்லைக்குக் கொண்டுபோயிட்டு வந்தே, திரும்பவும் முத்தத்துல இருக்குதே" என்று மாமியார் மருமகளிடம் சலித்துக்கொள்வது சடைநாய் வளர்க்கும் வீடுகளில் கேட்கும் பேச்சு. குட்டியின் மேல் தவறு இல்லை. தலைக்கு மேல் வானம், காலுக்குக் கீழே ஈரம், ஓரத்தில் தண்ணீர் போகும் வழி. இது வெளியிடம் இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? நாய்க்குட்டி இடத்தைக் கண்ணால் அறிவதைவிட மூக்காலும் பாதத்தாலும்தான் அறிகிறது. இரண்டாவது மாதத்தில் எந்தத் தரையில் காலை வைத்துக் கழிக்கிறதோ, பிறகும் அதே தரையைத்தான் தேடும். சாக்கின் மேல் வளர்ந்த குட்டி நெல் மூட்டையைத் தேடிப் போகும். செய்தித்தாளில் பழகிய குட்டி, வாசிக்க வைத்த தாளின் மேல் உட்காரும். எனவே முதல் ஒரு மாதம் முற்றத்துக்கு இறங்கும் வழியைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, குட்டிக்கு மண் தரையை மட்டுமே பழக்க வேண்டும். அதன் படுக்கைக்குச் சாக்கு வேண்டாம். பழைய வேட்டித் துணி போடலாம்.

பழக்கும் முறை எளிதானது, பொறுமைதான் வேண்டும். சிறு இனக் குட்டியின் மூத்திரப் பை மிகச் சிறியது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும் அதைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போக வேண்டும். தரையை மோந்து வட்டமிட்டால் உடனே தூக்க வேண்டும். கயிற்றில் பிடித்தபடி ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கவும். காரியம் முடிந்த அதே நொடியில் தட்டிக்கொடுத்து, வேகவைத்த முட்டைத் துணுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி என்றுதான் குட்டி நினைக்கும். ஒன்றும் போகாவிட்டால் உள்ளே கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்திருந்து, பத்து நிமிடத்தில் மறுபடி கொண்டுபோக வேண்டும்.

கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில் கோழி அடைக்கும் கூடையில் கவிழ்த்து வைக்கலாம். தான் படுக்கும் இடத்தை நாய் அசிங்கம் செய்ய விரும்பாது. கூடை, குட்டி திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். பெரிதானால் ஒரு மூலையைப் படுக்கையாகவும் மறு மூலையைக் கழிப்பிடமாகவும் ஆக்கிக்கொள்ளும். நடவுக்குப் போகிறவர்கள் காலையில் அடைத்துவிட்டு மத்தியானம் வந்து திறப்பது முறையல்ல. அவ்வளவு நேரம் குட்டியால் தாங்க முடியாது.

தீவனத்தையும் வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். கறவை இருக்கும் வீட்டில் குட்டிக்குப் பால் தாராளமாக ஊற்றுவார்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் கழியும். கழியும் குட்டியைப் பழக்கவே முடியாது.

தவறி உள்ளே போய்விட்டால் அடிப்பதும், மூக்கை அதில் தேய்ப்பதும் வீண் வேலை. ஏன் அடி விழுகிறது என்று குட்டிக்குப் புரியாது. ஆள் பார்க்கும்போது போகக்கூடாது என்று மட்டும் புரிந்துகொண்டு, பத்தாயத்துக்குப் பின்னால் போய் ஒளிந்து கழிக்கும். கொல்லையிலும் எஜமான் எதிரில் போகாது. பிறகு அதைத் திருத்துவது இரட்டிப்பு வேலை. போன இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, கொஞ்சம் வினிகர் கலந்த நீரால் துடைத்தால் வாடை போகும். கோமியம் தெளிப்பது இந்தக் காரியத்துக்கு உதவாது. நாள்பட்ட கோமியத்தின் அம்மோனியா வாடை நாயின் மூக்குக்கு மூத்திர வாடைதான், மறுபடி அங்கேயே வரும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நன்கு பழகிய குட்டியும் படி இறங்க மறுக்கும். நனைந்த புல் அதன் வயிற்றைத் தொடும் உயரம் அல்லவா! கழிப்பிடத்தின் மேல் தென்னங்கீற்றுச் சாய்ப்பு ஒன்றைப் போட்டு, அடியில் உலர்ந்த மண் பரப்பினால் போதும். இரவில் கொண்டுபோகும்போது டார்ச் விளக்கு அவசியம். கட்டுவிரியன் நடமாடும் நேரம் அது.

மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் எடுத்து ஓரடி ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். உருண்டைப் புழுவின் முட்டை நோய் தரும் நிலையை அடைய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், தினமும் அகற்றினாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கும். காய்கறிக்குப் போடும் எருக்குழியில் இதைச் சேர்க்கலாகாது. குடற்புழு மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் தொடங்கும். நாயின் மூத்திரம் வழியாகவும் எலிக்காய்ச்சல் பரவுவதுண்டு. சேற்றில் நிற்பவர்கள் வீட்டு நாய்க்கு அதற்கான தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

பெரிய இனங்களைவிடச் சடைநாய் பழகச் சில வாரங்கள் கூடுதலாகும். நான்கைந்து மாதம் வரை அவ்வப்போது தவறுவது இயல்பே. ஆனால் நன்றாகப் பழகிய நாய் திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ அது பழக்கக் கோளாறு அல்ல. மூத்திரப் பை நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, 2012-ல் தொடங்கப்பட்ட ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம்.