கும்புக்கன் ஆற்றங்கரையில் ஓர் இரவு

விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பது பெற்றோருக்கு ஒரு பெரும் பிரச்சினை. திருகோணமலையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடற்கரை வீட்டு முற்றத்தைப் போன்றது. கோணேசர் கோவிலும் கன்னியா வெந்நீரூற்றும் அவர்கள் பலமுறை கண்டு மகிழ்ந்தவையே. ஆகவே, ஒரு சித்திரை விடுமுறையில் நாங்கள் அன்புவழிபுரத்திலிருந்து புறப்பட்டபோது, ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவைக் கழிப்பது என்று தீர்மானித்துக்கொண்டோம். நாங்கள் தேர்ந்த இடம் குமண தேசியப் பூங்கா.

எங்களுள் அந்த ஆற்றை முன்பே அறிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் என் அம்மம்மா. 1970களில், இளம்பெண்ணாக இருந்த காலத்தில், கதிர்காமப் பாதயாத்திரை சென்றபோது அக்கரையில் அவர் உறங்கியிருக்கிறார். "அந்த மணலை இன்னொரு முறை மிதிக்க வேண்டும்" என்று அவர் சொன்னதே எங்கள் பிரயாணத்துக்கு முதற் காரணம்.

நெடுவழி

திருகோணமலையிலிருந்து குமணவின் வாயிலான உகந்தைக்கு 250 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். முன்னாளில் இவ்வழியில் ஆறுகளையும் களப்பு முகங்களையும் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். கிழக்கு மாகாணத்தார் 'பாதை' என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை. 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இப்போது மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாப் பக்கத்தையும், சித்திர வேலாயுதர் வீற்றிருக்கும் வெருகலையும் வண்டியில் இருந்தபடியே கடந்துவிடுகிறோம். வெருகல் ஆற்றைக் கண்டதும் அம்மம்மா கைகூப்பினார். அவருடைய யாத்திரையில் அது பல நாள் நடைக்குப் பின் கண்ட ஆறு. எங்களுக்கோ அது காலைத் தேநீர் அருந்திய இடம்!

மட்டக்களப்பு, பொத்துவில், பாணமை ஆகிய ஊர்களைத் தாண்டினால் உகந்தை முருகன் கோவில் வரும். அதனை அடுத்தே பூங்காவின் வாயில்.

மக்களின் காடு

ஒரு காட்டை அரசன் வேட்டைக்காகவோ தனவந்தர் தமக்காகவோ வைத்துக்கொள்ளாமல், மக்கள் யாவருக்கும் பொதுவாகக் காக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் அமெரிக்காவில் யெலோஸ்டோன் பூங்கா 1872இல் அமைக்கப்பட்டது. இலங்கையில் யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசியப் பூங்காக்களாயின. அதே ஆண்டில் குமண பறவைகளின் சரணாலயமாயிற்று. 1970இல் யால கிழக்கு என்னும் பெயருடன் தேசியப் பூங்காவாகி, 2006இல் குமண என்ற பெயரைப் பெற்றது. இதன் பரப்பு ஏறத்தாழ 356 சதுர கிலோமீற்றர். போர் காரணமாக 1985 முதல் 2003 வரை இது மூடிக் கிடந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஆற்றைக் கண்ணாற் காணாமலே வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

பூங்காவினுள் தங்க விரும்புவோர் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வாயில் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடப்படும். ஒரு வழிகாட்டி உடன் வருவார். ஜீப் வண்டியன்றி வேறொன்றும் அந்த மணற் பாதையில் நம்பத்தக்கதன்று.

வழியிலே குமண வில்லு கண்ணுக்கு விருந்தாயிற்று. கண்டல் மரங்கள் சூழ்ந்த அந்நீர்நிலையில் கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் நாரைகளும் கூட்டங் கூட்டமாக இருந்தன. இப்பூங்காவிலே 250க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அந்த வில்லுக்கு நீர் வருவது கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வழியாகத்தான். ஆறு தளர்ந்தால் வில்லும் தளரும். வில்லு தளர்ந்தால் கூடுகட்ட வந்த பறவை எங்கே போகும்?

மருத நிழலில்

ஊவாவின் மலைச் சாரலில் தோன்றி 116 கிலோமீற்றர் ஓடி வரும் கும்புக்கன் ஆறு, குமணவுக்கும் யாலவுக்கும் இடையே எல்லையாகக் கிடக்கிறது. 'கும்புக்' என்பது மருத மரத்துக்குச் சிங்களத்திலே வழங்கும் பெயர். பெயருக்கேற்ப, கரையெங்கும் வெண்பட்டை உரித்த முதிய மருத மரங்கள் வேர்களை நீரில் நனைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் நிழலிலே கூடாரம் அடித்தோம். வழிகாட்டி காட்டிய ஆழமற்ற இடத்தில் மட்டும் நீராடினோம். முதலைகள் வாழும் ஆறு அது. நாமாக ஓர் இடத்தைத் தெரிந்துகொண்டு இறங்குவது பேராபத்து.

அம்மம்மா பிள்ளைகளை மணற்றிட்டுக்கு அழைத்துச் சென்று, கையாலேயே ஒரு குழி தோண்டச் சொன்னார். முழங்கை ஆழம் போனதும் ஈரம் கசிந்தது. சற்று நேரத்தில் தெளிந்த நீர் ஊறி நின்றது. கோடையில் ஆறு வற்றிய நாட்களில் யாத்திரிகர் தாகம் தீர்த்தது இப்படித்தானாம். விளையாட்டு முடிந்ததும் என் மகன் குழியை மூடப் போனான்.

"மூடாதே ராசா. பின்னாலே வாறவைக்குத் தண்ணி வேணும்" என்றார் அம்மம்மா.

"எங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள்?" என்று கேட்டான் அவன். அவர் சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் மறுபடியும் நீராட வேண்டும் என்றனர். வழிகாட்டி தலையசைத்து மறுத்தார். பகலெல்லாம் மனிதருக்கு விட்டுக்கொடுத்த ஆறு, இருட்டிய பின் விலங்குகளுக்கு உரியது என்றார் அவர். சோறும் கருவாட்டுக் குழம்பும் உண்டு, மீந்தவற்றை மூடி வண்டிக்குள் வைத்தோம். உணவின் மணம் கரடியையும் பன்றியையும் யானையையும் கூடாரத்துக்கு அழைத்துவிடும். நள்ளிரவில் எங்கோ ஒரு மான் அலறியது. பின்னர் நீரிலே பாரமாக எதுவோ இறங்கும் ஓசை. நாங்கள் மூச்சடக்கிக் கிடந்தோம். அம்மம்மா மட்டும் முருகா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

விடிந்ததும் கண்டது

காலையில் நாங்கள் நீராடிய துறையிலேயே யானையின் அடித்தடங்கள் தட்டுத் தட்டாகப் பதிந்திருந்தன. மகன் ஓடிச்சென்று தன் குழியைப் பார்த்தான். அதைச் சுற்றிப் புள்ளிமான்களின் குளம்படிகள்! பின்னால் வருபவர் யாரென்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

ஆனால் சற்றுத் தள்ளி, வேறொன்றும் கிடந்தது. முன்பு தங்கியவர்கள் விட்டுச் சென்ற பொலித்தீன் பைகளும் வெற்றுப் போத்தல்களும். இதே அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில், பிளாஸ்டிக் கழிவுகளைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்த செய்தி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வெளியாயிற்று. உணவின் மணம் ஒட்டிய பையை விலங்கு உணவென்றே எண்ணுகிறது. குப்பைமேட்டில் நேர்ந்தது ஆற்றங்கரையிலும் நேரக்கூடும். அம்மம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் பொறுக்கினர். எங்கள் குப்பையோடு பிறர் குப்பையையும் சேர்த்து இரண்டு சாக்குகளில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தோம்.

மாணவச் செல்வங்களே! காட்டுக்குச் செல்வதாயின் கூடாரமும் டோர்ச்சும் குடிநீரும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். வானொலிப் பெட்டியையும் இரைச்சலையும் வீட்டிலே விட்டுச் செல்லுங்கள். எதைக் கொண்டுபோனோம் என்பதைவிட எதை விட்டு வந்தோம் என்பதே முக்கியம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அக்கரையில் தங்கிச் சென்றவர்கள் நமக்கு விட்டுச் சென்றவை மருத நிழலும் மணலில் ஊறும் நீருமே. நமக்குப் பின்னாலும் வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் நான்கு கால்களில் வருகிறார்கள்.